தலைகீழாகத் தெரியும் டெல்லிப் பேருந்து

டெல்லியின் அரவிந்தர் மார்க்கில் இருந்து இயங்கும் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், ஒளிப் பாடத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு வாகனத்தில் பின்னால் வருவதைப் பார்க்கக் குவியாடி பொருத்தியிருக்கிறார்கள். அதன் வளைவு ஆரம் 3 மீட்டர். 5 மீட்டர் தொலைவில் ஒரு பேருந்து நிற்கிறது. பிம்பம் எங்கே, என்ன அளவில் தோன்றும்?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் பிள்ளைகளும் சென்னையில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைகளும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆடிச் சமன்பாடு பெரும்பாலோருக்கு மனப்பாடம். குவியத் தொலைவு ஆரத்தில் பாதி, அதாவது 1.5 மீட்டர். பொருள் தொலைவு 5 மீட்டர். அப்படியே சமன்பாட்டில் போட்டால் பிம்பத் தொலைவு 2.14 மீட்டர் என்றும், உருப்பெருக்கம் கழித்தல் 0.43 என்றும் வரும். கூட்டலிலோ கழித்தலிலோ பிழை கிடையாது. விடைதான் தவறு.

அந்தக் கழித்தல் குறி சொல்வது என்ன? பேருந்து தலைகீழாகத் தெரிகிறது என்று. டெல்லியின் எந்தச் சாலையிலாவது, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் பேருந்து சக்கரம் மேலே, கூரை கீழே என்று தெரிந்ததுண்டா?

கோளாறு குறியீட்டு மரபில் இருக்கிறது. நம் பாடநூல் எல்லாத் தொலைவையும் ஆடியின் மையத்திலிருந்து அளக்கிறது. விழும் ஒளி செல்லும் திசையில் அளந்தால் கூட்டல், எதிர்த்திசையில் அளந்தால் கழித்தல். பேருந்து ஆடிக்கு முன்னால் இருப்பதால் அதன் தொலைவு கழித்தல் 5. குவியம் ஆடிக்குப் பின்னால் இருப்பதால் கூட்டல் 1.5. இப்போது பிம்பம் ஆடிக்குப் பின்னால் 1.15 மீட்டரில், நேராக, 0.23 மடங்கு அளவில் கிடைக்கிறது. பல அமெரிக்கப் பாடநூல்கள் மெய்யான பொருளின் தொலைவைக் கூட்டலாகவே எடுத்துக்கொண்டு, குவியாடியின் குவியத் தொலைவைக் கழித்தலாக்கும். அந்த வழியிலும் சரியான விடை வரும். பாதி அங்கிருந்தும் பாதி இங்கிருந்தும் எடுத்தால்தான் பேருந்து கவிழ்கிறது.

கூர்ந்து பார்க்கும் மாணவருக்கு இங்கே இன்னொரு சந்தேகம் வரும். பிம்பம் 1.15 மீட்டரில்தானே இருக்கிறது. பிறகு ஏன் கார்க் கண்ணாடியில், பொருள்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்று எச்சரிக்கை பொறித்திருக்கிறார்கள்? பேருந்தின் உயரம் 3 மீட்டர் என்று கொண்டால் பிம்பத்தின் உயரம் 69 சென்டிமீட்டர். கண்ணாடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் கண்ணுக்கு அது 1.65 மீட்டரில் இருக்கிறது. அங்கே 69 சென்டிமீட்டர் பிம்பம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவில்தான் 7 மீட்டருக்குச் சற்று அப்பால் நிற்கும் நிஜப் பேருந்தும் தெரியும். சமதள ஆடியாக இருந்தால் 5.5 மீட்டரில் இருப்பதுபோல் தெரிந்திருக்கும். மூளை உருவத்தின் அளவை வைத்துத் தொலைவை ஊகிக்கிறது. எச்சரிக்கை அதற்காகத்தான்.

ஒலியிலும் இதே கதைதான். பதினோராம் வகுப்புச் செய்முறையில் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை உண்டு. இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்குவார்கள். ஓரிடத்தில் ஒலி திடீரென்று ஓங்கும். அந்தக் காற்றுத்தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு என்று பாடம் சொல்கிறது.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, அறையின் வெப்பநிலை 30 டிகிரி, ஒலி ஓங்கிய நீளம் 15.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கால் பெருக்கி அதிர்வெண்ணாலும் பெருக்கினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 317 மீட்டர் வருகிறது. பார்க்க நல்ல எண்தான். ஆனால் காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். அந்தக் கணக்கில் 317 வர வேண்டுமானால் அறை உறைநிலைக்கு 20 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். டெல்லியின் ஜனவரியிலும் அந்தக் குளிர் கிடையாது!

குழாயின் வாயோடு அலை நின்றுவிடுவதில்லை; சற்று வெளியேயும் நீள்கிறது. குழாயின் விட்டத்தில் சுமார் 0.3 பங்கு வரும் இதை முனைத்திருத்தம் என்பார்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அது ஒன்றரை சென்டிமீட்டர். அதனால்தான் நீர்மட்டத்தை மேலும் இறக்கி இரண்டாவது ஒத்ததிர்வையும் அளக்கச் சொல்கிறார்கள். அது 49.6 சென்டிமீட்டரில் கிடைத்தால், இரண்டுக்கும் இடையிலான 34.1 சென்டிமீட்டர் அரை அலைநீளம். கழிக்கும்போது முனைத்திருத்தம் தானே அடிபட்டுப்போகிறது. வேகம் 349 மீட்டர். 30 டிகிரிக்குப் பொருந்தும் விடை.

டெல்லிக்கு இதில் தனி வசதி உண்டு. ஜனவரி விடியலில் 5 டிகிரிக்கு இறங்கும் ஊர், கோடையில் 45 டிகிரியைத் தொடுகிறது. ஒலியின் வேகமும் 334-இலிருந்து 358 மீட்டருக்கு ஏறுகிறது. அதே இசைக்கவைக்குக் கால் அலைநீளம் 16.3 சென்டிமீட்டரிலிருந்து 17.5 ஆகிறது. சாதாரண அளவுகோலிலேயே தெரியும் வித்தியாசம் இது. ஆனாலும் பாடக் கணக்கில் 340 என்று கொடுத்துவிட்டால், அது எந்த வெப்பநிலைக்கு உரியது என்று கேட்பவர் குறைவு.

வீட்டுப்பாடத்தில் படம் வரைவது முதல் வேலை, குறியீடுகளைக் குறிப்பது இரண்டாவது, சமன்பாடு மூன்றாவது. இவற்றை ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான்காவது வேலைக்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. அதனால் யாரும் செய்வதில்லை. விடைக்குக் கீழே ஒரே ஒரு வரி: இது நடக்கக்கூடியதா, ஏன்? பிம்பம் நேரா தலைகீழா, வேகம் எந்த வெப்பநிலைக்குப் பொருந்தும் என்று எழுதினால் போதும். ஆசிரியர்கள் அந்த வரிக்கு அரை மதிப்பெண் ஒதுக்கட்டும். சூத்திரத்தை மறந்துபோகும் வயதிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.