மூப்பெய்திய வீடியோ விளையாட்டுக்கள்

கலைகளுள் மிக இளையவற்றுள் ஒன்று வீடியோ விளையாட்டு. அமெரிக்க நாட்டில் 1972-ஆம் ஆண்டில் 'பாங்' என்னும் பந்தாட்டப் பொறி மக்கள் கூடுமிடங்களில் வைக்கப்பெற்ற நாள்முதற் கணக்கிடினும், அதன் வயது ஒரு மனிதனுடைய நடுவயதையே சிறிது கடந்து நிற்கும். அங்ஙனமிருந்தும், ஒரு காலத்திற் பல்லாயிரவர் போற்றிய விளையாட்டுக்களுட் சிலவற்றை இக்காலத்து இளைஞர் கையிற் கொடுப்பின், அவர் சிறிது பொழுதிற்குள் சலிப்புற்றுக் கீழே வைத்துவிடுகின்றனர். வேறு சிலவோ வயதால் முதிர்ந்தனவாயினும் நேற்றுப் பிறந்தனபோலப் பொலிவுற்று விளங்குகின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் நயமிழத்தலே மூப்பு என்று கூறுவார் பலர். அக்கூற்று முற்றும் பொருந்தாதென்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவாம்.

1983-ஆம் ஆண்டில் 'டிராகன்ஸ் லேர்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. டிஸ்னி நிலையத்திற் பணியாற்றிப் பின்னர் விலகிய டான் ப்ளூத் என்பாரின் குழுவினர் அதற்குக் கையினாற் சித்திரம் தீட்டினர். அச்சித்திரங்கள் லேசர் தட்டில் பதியப்பெற்றுத் திரையில் ஓடின. ஏனைய பொறிகள் 25 சென்ட் பெற்றுவந்த காலத்தில், இதற்குப் பல இடங்களில் 50 சென்ட் கொடுத்து மக்கள் ஆடினர். அதன் ஓவியத்தின் வனப்பு இன்றும் குன்றவில்லை. ஆயின், ஆடுவோன் செய்யக்கூடியது யாது? ஒரு குறித்த நொடியில் நாற்றிசைகளுள் ஒன்றிற் கைப்பிடியைத் தள்ளவேண்டும். அல்லது வாளுக்குரிய பொத்தானை அழுத்தவேண்டும். நொடி தவறின் வீரன் மடிவான். எத்திசை சரியானதென்பதைப் பலகால் இறந்தே மனப்பாடம் செய்தல்வேண்டும். புதுமையின் ஒளி மறைந்தபின், எஞ்சி நிற்பது காண்பதற்கினிய படமேயன்றி ஆடுதற்கினிய ஆட்டமன்று.

இதற்கு நேர்மாறானது 'டெட்ரிஸ்'. 1980-களின் நடுவே, மாஸ்கோ நகரிற் சோவியத் விஞ்ஞானக் கழகத்திற் பணிபுரிந்த அலெக்சி பாஜிட்னோவ் அதனை இயற்றினார். அவரிடமிருந்த கணிப்பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே இல்லை. எழுத்துக்களோடு வரும் அடைப்புக்குறிகளை இணைத்தே கட்டங்களை அவர் அமைத்தார். நந்நான்கு கட்டங்களாலான ஏழு வடிவங்கள் வீழ்கின்றன. வரிசை நிரம்பின் மறைகின்றது. இவ்வளவே ஆட்டம். படமே இல்லாது பிறந்த இது மூப்பறியாது நிற்க, ஓவியச் செல்வம் நிறைந்த அது தளர்ந்தமை காண்க.

ஆகவே, மூப்பின் உறைவிடம் படமன்று. ஆடுவோனுக்கும் ஆட்டத்திற்கும் இடையேயுள்ள உடன்படிக்கையே. 'நீ கருதியதை உன் கை செய்ய யான் இடந்தருவேன். நீ தோற்பின் அதற்குரிய காரணம் உன்னிடமே இருக்கும்' என்று ஒவ்வொரு விளையாட்டும் சொல்லாமற் சொல்லுகின்றது. இவ்விரண்டு வாக்குகளுள் ஒன்று பிழைபடுமிடத்தே மூப்புத் தோன்றுகின்றது.

தோல்வியின் நீதியை முதற்கண் நோக்குவாம். சியரா நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில், பூனையொன்று எலியைத் துரத்தி ஓடும். அக்கணமே பூனையின்மீது பழைய செருப்பையேனும் கோலையேனும் எறிந்து எலியைக் காவாதவன், நெடுநேரஞ் சென்றபின் ஒரு நிலவறையிற் கட்டுண்டு கிடக்கும்போது, கயிற்றைக் கடித்து விடுவிக்க எலியின்றி மாள்வான். தான் பிழைத்த இடம் எதுவென அவன் அறியவும் வழியில்லை. வீடுகளில் வாரக்கணக்கில் ஆடப்பெற்ற அக்காலத்து விளையாட்டுக்களில் இத்தகைய முட்டுச்சந்துகள் மலிந்திருந்தன. குறிப்பு நூல்களும் தனியே விலைக்கு விற்கப்பட்டன. இம்முறை தகாதென ரான் கில்பர்ட் என்பார் 1989-இலேயே கட்டுரை வரைந்தார். 1990-இல் தாம் இயற்றிய 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் அம்முட்டுச்சந்துகளை நீக்கியுங் காட்டினார். நீதி இன்னதென ஒருமுறை கண்டவர்க்குப் பழைய அநீதி பின்னர்ப் பொறுக்கலாகாதாயிற்று.

இனிக் கையின் வழியை நோக்குவாம். இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக் கோர் டிசைன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட 'டூம் ரெய்டர்' ஆட்டத்தில், லாரா என்னும் நங்கை இடப்புறப் பொத்தானை அழுத்தினால் இடப்புறஞ் செல்லாள், நின்றவிடத்தே திரும்புவாள். கவசவண்டி ஓட்டுவதுபோன்ற இம்முறை இன்று பலர்க்கும் நகைப்பை விளைக்கின்றது. அஃது அறியாமையால் அமைந்ததன்று. அவ்வுலகம் முழுதும் சமசதுரக் கட்டங்களாற் கட்டப்பட்டது. விளிம்பிலிருந்து ஒருமுறை பின்னே குதித்தால், ஓடித் தாவுதற்கு வேண்டிய இடம் அளவாகக் கிடைக்கும். 2024-இல் அதனைப் புதுக்கி வெளியிட்டோர் இக்காலக் கைமுறையையும் சேர்த்தளித்தனர். எனினும், தாவல்களின் அளவு பிடிபடாமையாற் பலர் பழைய முறைக்கே மீண்டனர்.

'கோல்டன் ஐ' என்பதும் இத்தகையதே. 1997-இல் ரேர் நிறுவனத்தார் நிண்டெண்டோ 64 பொறிக்கென இயற்றிய இச்சுடும் ஆட்டத்தை, நண்பர் நால்வர் ஒரே திரையை நான்காய்ப் பகுத்துக்கொண்டு ஆடி மகிழ்ந்தனர். ஆயின் அப்பொறியின் கைக்கருவியில் திருப்புதற்குரிய கோல் ஒன்றே இருந்தது. நடத்தலும் நோக்குதலும் அதனுள் இடுக்குற்றன. நடத்தற்கு ஒன்று, நோக்குதற்கு ஒன்று என இருகோல் முறை, 2001-இல் வெளிவந்த 'ஹேலோ' ஆட்டத்திற்குப்பின் எங்கும் பரவிற்று. அதன்பின் பழையதைக் கையிலெடுப்போர் விரல் தடுமாறுகின்றனர். ஆயினும் அறியத்தக்கதொன்றுண்டு: இருகைகளிலும் ஒவ்வொரு கருவியைப் பிடித்து இருகோலால் ஆடும் வழியையும் 'கோல்டன் ஐ' தன்னகத்தே வைத்திருந்தது. பின்வந்தோர் நடந்த பாதையின் முதற்சுவடு அங்கே கிடக்கின்றது.

இவற்றால் நாம் அறிவது ஒன்று. மூப்பெய்திய விளையாட்டுக்களுட் பல, ஒரு புதுநிலத்தில் முதலிற் காலடி வைத்தவை. வழியில்லாக் காட்டில் முன்சென்றவன் உடலில் முட்கீறல் மிகுதியாயிருக்கும். செப்பனிட்ட பாதையிற் பின்செல்வோன் அதனை இகழ்தல் முறையாகாது.

இகழ்ச்சியோடு புறக்கணிப்பும் சேரின், இழப்புப் பெரிதாகும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் 100-க்கு 87 இன்று கடையில் விலைக்குக் கிடையா என்று, வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிலையத்தார் 2023-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பழுதுடையவற்றைப் பயனற்றவையெனத் தள்ளினால், பழுது எவ்வாறு நீங்கிற்றென்னும் வரலாறும் உடன் அழியும்.

ஆதலின், மாணவ நண்பர்கள் இத்தகைய பழைய ஆட்டமொன்றைக் கையிலெடுக்குங்கால், அதனோடு அச்சிட்டு வழங்கப்பெற்ற கையேட்டை முதலிற் படிப்பாராக. அக்காலத்தார் ஆடுமுறையை அதனின்றே கற்றனர். பின்னர்த் தம் விரல்களுக்கு ஒரு மணிப்பொழுதேனும் தருவாராக. அதன்பின்னும் ஆட்டம் கசக்குமாயின், கசப்பதற்குரிய காரணத்தை எடுத்துரைக்கும் ஆற்றலேனும் அவர்க்கு வாய்க்கும். அதுவே நற்சுவை கைவருதற்கு முதற்படியாம்.