எக்ஸ் பவர் எக்ஸ்: ரெண்டு தப்பு சேர்ந்தா சரி

எக்ஸ் பாசிட்டிவ்னா, எக்ஸ் பவர் எக்ஸ் எங்கே மினிமம் ஆகும்? முதல் செமஸ்டர் டெஸ்ட்ல நான் பவர் ரூல் போட்டேன். டெரிவேட்டிவா அதே எக்ஸ் பவர் எக்ஸ் திரும்ப வந்து நின்னுது. அது பூஜ்யமே ஆகாது! நண்பன் பேஸை மாறிலியா வெச்சு, 'எக்ஸ் பவர் எக்ஸ் இன்டு லாக் எக்ஸ்'னு எழுதினான். அவன் கணக்குல மினிமம் 1-ல. ரெண்டு பேருக்கும் மார்க் போச்சு.

ஆனா ரெண்டு விடையையும் கூட்டிப் பாருங்க, அதுதான் சரியான டெரிவேட்டிவ்! இங்கே பேஸும் மாறுது, பவரும் மாறுது. நாங்க ஆளுக்கு ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்திருக்கோம்.

ஆக, 1 + லாக் எக்ஸ் பூஜ்யம் ஆகணும். (நேச்சுரல் லாக். கால்குலேட்டர்ல தப்பான பட்டனைத் தட்டிடாதீங்க.) எக்ஸ் = 1/ஈ, சுமார் 0.368. அதுக்கு முன்னாடி சரிவு நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், அதனால மினிமம்தான். மதிப்பு சுமார் 0.692. 0.3 போட்டா 0.697, 0.5 போட்டா 0.707.