பேரனோடு கப்பலேறும் முன்

சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல்களில் நம்மூர்க் குடும்பங்களும் ஏறுகின்றன. அப்பா அம்மாவுக்கு லீவு கிடைக்காத வீடுகளில் தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் கையில் இருக்கும். பெற்றோரின் சம்மதக் கடிதம்தான் இருக்காது.

18 வயது நிரம்பாதவர் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ அல்லாத ஒருவருடன் வந்தால், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் நோட்டரி முத்திரையிட்ட சம்மதக் கடிதத்தின் அசலைக் கேட்கின்றன. இல்லையென்றால் கப்பலில் ஏற்ற மறுக்கலாம். கட்டிய பணமும் போய்விடலாம்.

“சொந்தப் பேரன்தானே” என்ற பேச்சு அங்கே எடுபடாது. போதாததற்கு நம் பெயர்களும் காலை வாரும். பேரன் கவின் செந்தில்குமார்; தாத்தா பழனிசாமி ராமசாமி. குடும்பப் பெயரை வைத்தே உறவைக் கணிக்கிற அதிகாரிக்கு இவர்கள் யாரோ எவரோ. ஆகவே பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். கடிதத்தில் இனிஷியல் போட்டுச் சுருக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

கப்பல், தேதி, துறைமுகங்கள், அழைத்துச் செல்பவரின் பாஸ்போர்ட் எண் ஆகியவை கடிதத்தில் எப்படியும் வந்துவிடும். விட்டுப்போகக்கூடியது மருத்துவ வரிதான்: அவசரச் சிகிச்சைக்கு இவர் ஒப்புதல் தரலாம் என்பது. குடல்வால் வலியோடு பிள்ளையைப் பினாங்கில் இறக்கினால், ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்.

பெற்றோர் இருவருமே கையெழுத்திடுவது நல்லது. ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், மணமுறிவு என்றால் நீதிமன்ற உத்தரவின் நகல். அம்மா கையெழுத்து மட்டும் போதாது என்று யாரேனும் சொன்னால், கீதா ஹரிஹரன் வழக்கைச் சொல்லுங்கள். பிள்ளையைத் தந்தை கவனிக்காத நிலையில் அவர் உயிரோடு இருந்தாலும் தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணவனோ மனைவியோ பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் இருந்தால், முன்கூட்டியே குடும்ப நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேளுங்கள். 1980-ஆம் ஆண்டு ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை; போன பிறகு மீட்பது பெரும்பாடு.

கடிதம் வேண்டும் என்பதை டிராவல்ஸ்காரர் சொல்லாததால் பயணம் கெட்டதா? அது சேவைக் குறைபாடு என்று, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.