அப்பா அம்மாவைப் பார்த்துக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது?



வயசான பெற்றோருக்கு ஆகிற செலவுன்னு உட்கார்ந்து எழுதினா, நம்ம எக்ஸெல் ஷீட்ல மூணு வரிதான் வரும்: இன்ஷூரன்ஸ், மருந்து, ஹோம் நர்ஸ். நாலாவது வரி ஒண்ணு இருக்கு. அவங்களைப் பார்த்துக்கிற ஆளோட உடம்பும் மனசும். அதை யாரும் எழுதுறதில்லை.

நீங்க சென்னையில வேலை பார்க்குறீங்க, மாசம் ஒரு தடவை முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல தூத்துக்குடி போயிட்டு வர்றீங்கன்னு வைங்க. அப்பாவுக்கு பக்கவாதம், இல்லைன்னா மறதி நோய். ராத்திரி பகலா கூட இருக்கிறது அம்மா, தங்கச்சி, அண்ணி இவங்கள்ல ஒருத்தர். அவங்க படுத்துட்டா உங்க மொத்த பிளானும் படுத்துடும்.

ஒரு சின்ன கணக்கு. மாசம் 40,000 சம்பளம் வாங்கின தங்கச்சி வேலையை விட்டுட்டு 2 வருஷம் வீட்டுல இருந்தா, போகிற சம்பளம் 9,60,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 20,000-ன்னா, கம்பெனி போடுற 12% பிஎஃப் பங்கு 57,600 ரூபாய் தனியா போகும். 4 வருஷ சர்வீஸ்ல விட்டிருந்தா கிராஜுவிட்டியும் கிடையாது. சில வீடுகள்ல வேற வழி இருக்காதுதான். ஆனா முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, இதே பாதையில நடந்த நாலு பேரைக் கேட்டுடுங்க. அந்த நாலு பேர்தான் சப்போர்ட் குரூப்.

பேசினா என்ன கிடைக்கும்?

கோவாவில மறதி நோயாளிகள் இருக்கிற 81 குடும்பங்களை வச்சு ஒரு ஆய்வு நடந்து, 2008-ல வெளியானது. பயிற்சி எடுத்த உள்ளூர் பணியாளர்கள் வீட்டுக்கே போய், நோயைப் பத்தி விளக்கி, அடம்பிடிக்கும்போது எப்படிச் சமாளிக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. பராமரிக்கிறவங்களோட மன அழுத்தம் குறைஞ்சது. பெரிய மருந்தோ மெஷினோ இல்லை, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்ததுதான்.

முத்துக் குளிக்கிறவரோட கயிற்றை மச்சான் கையிலதான் கொடுப்பாங்கன்னு நம்ம கடற்கரைப் பக்கம் சொல்வாங்க. கீழே இருக்கிறவர் கஷ்டம் உறைக்கிற ஆள்கிட்டதான் கயிறு இருக்கணும். குழுவும் அப்படித்தான். ஏர் பெட் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, படுக்கைப் புண் வராம எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறது, எந்தச் சான்றிதழுக்கு எங்கே போகணும்னு அனுபவப்பட்டவங்க ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

எங்கே தேடுறது?

1. மறதி நோய்க்கு: அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா. 1992-ல கேரளாவில தொடங்கின அமைப்பு, சென்னையிலும் கிளை இருக்கு. சென்னையில ஸ்கார்ஃப் நிறுவனமும் முதியோர் மறதி நோய்க்குன்னு தனிச் சேவை நடத்துது. போன்லயோ ஆன்லைன்லயோ தூத்துக்குடியில இருந்தே கலந்துக்க முடியுமான்னு ரெண்டு இடத்துலயும் கேளுங்க.

2. எங்கே தொடங்குறதுன்னே தெரியலையா? முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. பார்த்துக்கிறவங்க மனசு உடைஞ்சு போயிருந்தா டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும். தமிழ்லயே பேசலாம், கட்டணம் இல்லை.

3. ஊருக்குள்ள: 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பெயர் கொடுங்க. வர்ற நர்ஸ்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இதே மாதிரி வேற எந்த வீட்டுக்குப் போறீங்க? அவங்க சம்மதிச்சா எங்க நம்பரைக் கொடுங்க."

4. குழுவே இல்லைன்னா: பங்குல இருக்கிற அன்பியம், தெரு மகளிர் சுய உதவிக் குழு, துறைமுக ஓய்வூதியர் வட்டம், இப்படி ஏற்கெனவே கூடுற இடத்துல சொல்லி வைங்க. அஞ்சு குடும்பம் சேர்ந்தா போதும், மாசம் ஒரு சந்திப்பு, ஒரு வாட்ஸ்அப் குரூப்.

சேரும்போது கவனிங்க

குழுவை நடத்துறவர் மருந்தோ, இன்ஷூரன்ஸோ, "குணமாக்கும்" பொடியோ விக்கிறாரா? வெளியே வந்துடுங்க. ஆதார், பேங்க் விவரம், அப்பாவோட போட்டோ எதையும் குரூப்ல போடாதீங்க. மருந்து அளவை மாத்துறது டாக்டர் வேலை, குழுவோட வேலை இல்லை.

வரி விஷயத்துலயும் கேட்டதை அப்படியே நம்பாம சரிபாருங்க. பழைய வரி முறையில இருந்தா, இன்ஷூரன்ஸ் இல்லாத 60 வயசு தாண்டின பெற்றோரோட மருத்துவச் செலவுக்கு 80டி-யில 50,000 வரைக்கும் கழிவு உண்டு, ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. புது முறையில இது கிடையாது. 80டி-ங்கிறது பழைய சட்டத்தோட எண்; 2026 ஏப்ரல் 1-ல இருந்து புதுச் சட்டம்கிறதால பிரிவு எண் வேற.

உங்க பங்கு என்ன?

குழுவுக்குக் காசு ஆகாது. ஆனா தங்கச்சி அங்கே போகணும்னா, அந்த ரெண்டு மணி நேரம் அப்பா பக்கத்துல வேற ஒருத்தர் இருக்கணும். பெரும்பாலும் இங்கேதான் எல்லாம் நின்னு போகுது. அந்த ஆளுக்கான கூலியை உங்க பட்ஜெட்ல மாசச் செலவா எழுதுங்க. நாலாவது வரி அதுதான். வேலையை விட்ட தங்கச்சிக்கு மாசாமாசம் ஒரு தொகையும் போடுங்க. கூடப் பிறந்தவங்க கொடுக்கிற பணத்துக்கு, வாங்கறவங்க கையில வருமான வரி கிடையாது. பேங்க் வழியா அனுப்புங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு போன் பண்ணும்போது, "அப்பா எப்படி இருக்காங்க?"ன்னு கேட்ட பிறகு இன்னொண்ணும் கேளுங்க: "நீ கடைசியா எப்போ முழுசா தூங்கின?" பதில் வர லேட் ஆச்சுன்னா, தேட ஆரம்பிச்சுடுங்க.