குனிஞ்ச தலை நிமிராத பிள்ளைகள்!

‘எங்க பொண்ணு குனிஞ்ச தலை நிமிராதவ’ என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வோமே... இப்போது பையன்களும் அப்படித்தான்! காலையில் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே அத்தனை தலையும் மடியிலிருக்கும் செல்போன் மேல் கவிழ்ந்திருக்கும்.

“வேலை முடிஞ்சு வந்தா கழுத்தைத் திருப்பவே முடியலைங்கறான். இருபத்து மூணு வயசுல இது என்னங்க கொடுமை? எலும்பு தேஞ்சு போச்சோ?” ஓசூர் பக்கம் பல அம்மாக்களுக்கு இந்தக் கவலை.

டைட்டன் வாட்ச் 1980களிலிருந்தே தயாராகிற ஊர் ஓசூர். இப்போது செல்போன் பாகங்களும் இந்தப் பக்கம் தயாராகின்றன. கண்ணும் கையும் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டிய வேலைகள் ஏராளம். வேலையில் குனிந்த கழுத்து, பஸ்ஸிலும் குனிந்து, ராத்திரி படுக்கையிலும் குனிந்தால்? அதற்கு லீவே கிடையாது!

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்குப் போட்டார். தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ பாரம். 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ! ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம்.

உடனே பயந்துவிடாதீர்கள். அது கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. கழுத்து குனிவதற்கென்றே அமைந்ததுதான். மணிக்கணக்காக அசையாமல் ஒரே நிலையில் இருந்தால்தான் பின்கழுத்துத் தசைகள் இறுகி முரண்டு பிடிக்கின்றன. இந்த வயதில் வருவது பெரும்பாலும் தசைவலி. எடுத்த எடுப்பில் ஸ்கேனும் வேண்டாம், தானாகக் கடையில் வாங்கி மாட்டுகிற காலரும் வேண்டாம்.

இன்னொரு விஷயத்துக்குத்தான் பயப்பட வேண்டும். முடி வெட்டியதும் ‘ஒரு நெட்டி எடுத்து விடுங்கண்ணே’ என்று சலூனில் கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்காருகிறார்களே, அது! மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பை ஒட்டித்தான் ஓடுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் போச்சு.

அப்போ என்னதான் செய்யறது? பஸ்ஸில் பையை மடியில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்க்கட்டும். தோளைப் பின்பக்கமாகப் பத்து முறை சுழற்றட்டும். தாடையை மெல்ல உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்தி விடட்டும். இரண்டு தலையணை அடுக்கி, சாய்ந்துகொண்டு போன் பார்க்கிற பழக்கத்தை விட்டாலே பாதி வலி குறையும். வெந்நீர் ஒத்தடமும் சுகம் தரும்.

சில வாரங்களில் சரியாகவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். வலி கைக்கு இறங்கி விரல்கள் மரத்துப்போவது, சட்டைப் பட்டன் போட முடியாதது, நடை தள்ளாடுவது, வலியோடு காய்ச்சல்... இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘போன் பார்த்த வலிதானே’ என்று விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.