கால அட்டவணை ஆணை

கால அட்டவணை ஆணை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு நீதிமன்றங்களில், ஓர் உரிமையியல் வழக்கின் கட்டங்கள் எந்தெந்த நாளுக்குள் முடிய வேண்டும் என நீதிபதி பிறப்பிக்கும் ஆணை ஆகும். காயமுற்றோர் இழப்பீடு கோரித் தொடுக்கும் வழக்குகளுக்கும் இது பொருந்தும். கூட்டரசு உரிமையியல் நடைமுறை விதிகளின் 16ஆம் விதி 1983இல் திருத்தப்பட்டபோது, பெரும்பாலான வழக்குகளில் இவ்வாணை கட்டாயமாக்கப்பட்டது. புதிய தரப்பினரைச் சேர்த்தல், வழக்குரையைத் திருத்தல், சான்று திரட்டல், மனுத் தாக்கல் ஆகிய நான்கிற்கும் இதில் காலக்கெடு இடம்பெற வேண்டும்.

காய வழக்குகளில்

காயம் ஆறுவது நீதிமன்ற நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. மருத்துவ நிபுணரின் அறிக்கைக்குரிய நாள் கடந்தபின் வாதிக்கு மற்றோர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அதன் செலவு அறிக்கையில் இராது. ஆகவே நாட்கள் குறிக்கப்படும் முன்பே, 26ஆம் விதியின்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கூடிப் பேசும்போது இதனை எழுப்புவது நன்று. உடல்நிலை எப்போது நிலைபெறும் என மருத்துவரிடம் கேட்டறிந்து, அதிலிருந்து பிற நாட்களைக் கணக்கிடலாம். எதிர்வாதி தரப்பு மருத்துவர் வாதியைப் பரிசோதிக்க 35ஆம் விதி இடமளிப்பதால், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

உரிய நாளில் அளிக்கப்படாத நிபுணர் அறிக்கையை, தக்க காரணம் இல்லையேல், 37ஆம் விதியின்கீழ் நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். விபத்தே காயத்துக்குக் காரணம் என நிறுவ மருத்துவ சாட்சியம் இன்றியமையாத வழக்குகளில், இதனால் வழக்கே வீழக்கூடும்.

காலக்கெடுவை மாற்றுதல்

இரு தரப்பும் இசைந்தால் போதும் என எண்ணுவோர் உண்டு, அது சரியன்று. தக்க காரணமும் நீதிபதியின் இசைவும் வேண்டும். இங்கு முதன்மையாக நோக்கப்படுவது கேட்பவரின் விடாமுயற்சியே. இதற்கு அடிக்கடி சுட்டப்படுவது மம்மத் ரிக்ரியேஷன்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அளித்த தீர்ப்பு. கலிபோர்னியாவின் மம்மத் மலையில் காயமுற்ற பனிச்சறுக்கு வீரர் ஒருவர் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். பனிச்சறுக்குத் தளத்தை நடத்துவது வேறொரு நிறுவனம் என எதிர்வாதி தன் பதில்களில் தெரிவித்திருந்தும், காலக்கெடுவுக்குள் அந்நிறுவனம் சேர்க்கப்படவில்லை. பின்னர் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. விசாரணைக்கு வராமலே வழக்கு தோற்றது. மேல்முறையீட்டிலும் அம்முடிவு மாறவில்லை.