தர்மதலா திருச்சபையும் நியமன உறுப்பினர் கேள்வியும்

கொல்கத்தா: எஸ்பிளனேடு பகுதியிலிருந்து கிழக்கே செல்லும் லெனின் சரணியை, மக்கள் இன்றும் தர்மதலா என்ற பழைய பெயராலேயே அழைக்கின்றனர். வேலூர்ப் புரட்சியை அடுத்து கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட திப்பு சுல்தான் குடும்பத்தின் இளவரசர் குலாம் முகமது, 1842-ல் எழுப்பிய மசூதி அதன் முனையில் உள்ளது. அதே சாலையில் கத்தோலிக்கரின் திருஇருதய ஆலயமும், தோபர்ன் மெதடிஸ்ட் திருச்சபையும் உள்ளன.

அமெரிக்கப் போதகர் வில்லியம் டெய்லர் 1873-ல் இங்கு தொடங்கிய மெதடிஸ்ட் பணியை, 1874 முதல் வளர்த்தெடுத்தவர் ஜேம்ஸ் தோபர்ன். ஆங்கிலோ இந்தியர்களும் மாலுமிகளும் ஏழை ஐரோப்பியர்களும் சபையில் இடம் பெற்றனர். அயல்நாட்டு நிதியை எதிர்பாராமல், சபையாரின் காணிக்கையிலேயே சபை இயங்க வேண்டும் என்பது டெய்லரின் கொள்கை. பின்னர் வங்காளிகளிடையேயும் பணி விரிந்தது.

தமிழர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. தோபர்ன் 1885-ல் சிங்கப்பூர் சென்று அங்கு மெதடிஸ்ட் பணிக்கு அடித்தளமிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1887-ல் அங்கு தமிழ்ச் சபை உருவானது.

1970-ல் வட இந்தியத் திருச்சபை அமைந்தபோது, அமெரிக்க மரபில் வந்த மெதடிஸ்டுகள் அதில் இணையவில்லை. 1981-ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்றது.

2011 கணக்கெடுப்பின்படி, மேற்கு வங்க மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 0.72 சதவீதம் மட்டுமே. அவர்களுள்ளும் சிறுபான்மையான ஆங்கிலோ இந்தியர்களுக்கு, மக்களவையில் இருவரையும் மாநிலப் பேரவையில் ஒருவரையும் நியமிக்க அரசியல் சட்டத்தின் 331, 333-வது பிரிவுகள் வழி செய்திருந்தன. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 104-வது திருத்தம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தொகுதி ஒதுக்கீட்டை 2030 வரை நீட்டித்தது. நியமன ஏற்பாட்டை நீட்டிக்கவில்லை. 2020 ஜனவரியுடன் அது முடிவுக்கு வந்தது.

நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர் மட்டுமே என 2011 கணக்கெடுப்பைச் சுட்டி அரசு வாதிட்டது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியரான டெரிக் ஓ பிரையன் மாநிலங்களவையில் இதை எதிர்த்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாத சமூகங்களைத் தனித்தனியே கேட்டறியும் கேள்வி அக்கணக்கெடுப்பில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

நீட்டிக்கப்பட்ட ஒதுக்கீடும் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிட்டாது. தாழ்த்தப்பட்டோர் தகுதியை மதத்துடன் பிணைத்த 1950-ஆம் ஆண்டு ஆணை, பின்னர் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. இந்தப் பிணைப்பை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. எனினும், 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

திருவிருந்துப் பந்தியில் இனமும் சாதியும் கேட்கப்படுவதில்லை என்பது திருச்சபையின் போதனை. ஆனால், பிரதிநிதித்துவம் என்று வரும்போது எண்ணிக்கையும் மதமும் கேட்கப்படுகின்றன. வாக்கு வங்கியாக முடியாத அளவுக்குச் சிறிய சமூகத்தின் குரலை அவைக்குக் கொண்டுவருவது எப்படி? அன்று நியமன முறை இதற்கு விடையாக இருந்தது. அதை நீக்கிய நாடாளுமன்றம், மாற்று விடை எதையும் தரவில்லை.